பச்சை வட்டம்

தம்பியின் வலது கை விரலிலிருந்து தோள்வரை கட்டுக்குள் இருந்தது. விபத்து நடந்த மூன்றாம் நாள், அவன் வேலை பார்த்த வாணவேடிக்கை நிறுவனத்திலிருந்து, கையெழுத்துக் கேட்டு ஆஸ்பத்திரிக்கே ஒரு கடிதம் வந்தது. ‘நிறுத்தச் சொல்லிச் சிவப்பு விளக்கு காட்டியும், என் கவனக்குறைவால் வாணத்தைப் பற்ற வைத்தேன். என் காயத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல.’

வாசித்து முடிப்பதற்குள் அக்காவுக்குக் காது மடல் சூடேறிவிட்டது.

“நீ சிவப்பைப் பாத்தியாடா?”

“எங்கக்கா பாத்தேன்? வாணக் குழாய் சாய்ஞ்சிருக்கு, நிறுத்துங்கன்னு நான்தான் தொண்டை கிழியக் கத்தினேன். சூப்பர்வைசர் பச்சை விளக்கைத்தான் சுத்திக்கிட்டே இருந்தாரு. சுத்தினா பத்த வைன்னு அர்த்தம். வச்சேன்.”

“இடது கை ரேகை வச்சாலும் போதும்மா” என்றார் கடிதம் கொண்டு வந்தவர்.

“அவசரமா இருந்தா மேனேஜரையே வச்சுக்கச் சொல்லுங்க. அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?” கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவளை எல்லாரும் ஸ்டுடியோக்காரி என்பார்கள். பகலில் பாஸ்போர்ட் படங்கள். வாணவேடிக்கை இரவுகளில், அதே நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் படம். தம்பி ஆற்றின் அந்தக் கரையில் வாணம் விடுவான். அவள் இந்தக் கரையில், ஒரு கிடங்கின் மொட்டைமாடியில் கேமரா ஸ்டாண்டு போட்டு நிற்பாள். வானத்தில் பூ விரிவதற்கு முன்பே ஷட்டரைத் திறந்து, எட்டு வினாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு மூட வேண்டும். அந்த எட்டு வினாடியில் எந்த வெளிச்சம் எங்கே நகர்ந்தாலும் படத்தில் கோடாக விழும்.

விபத்து நடந்த இரவு ஒரு வாணம் மேலே போகாமல் தரையோடு வெடித்தது. கரையெங்கும் விசில், கைதட்டல். புதுசாக ஏதோ காட்டுகிறார்கள் என்றுதான் அவளும் நினைத்தாள். “அடி சக்கை!” என்றுகூடச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு ஷட்டரைத் திறந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டுடியோவுக்குப் போய், நானூறு படங்களையும் ஒன்று விடாமல் பார்த்தாள். மூன்று சிக்கின. முதலாவதில், வெடிப்புக்கு முந்தைய வாணத்தின் கோடு நேராக ஏறாமல் ஆற்றுப் பக்கம் சரிந்திருந்தது. இரண்டாவதில், தரையில் பட்டாணி அளவுக்கு ஒரு பச்சை வட்டம். மூன்றாவதில் அந்த வெடிப்பு. ஒவ்வொன்றிலும் மணி, நிமிடம், வினாடி பதிவாகியிருந்தது. சிவப்பு மட்டும் எதிலும் இல்லை, ஒரு பொட்டுகூட.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் நாற்காலியைக் காட்டினார்கள். அவள் உட்காரவில்லை. யாரும் கேட்காமலே சூப்பர்வைசர் ஆரம்பித்தார்.

“சிவப்பைத்தாம்மா காட்டினேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா.”

“பிள்ளைங்களை விடுங்க. அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?” பெரிதாக்கிய படத்தை மேசைமேல் அறைந்தாள். தண்ணீர் தம்ளர் ஆடியது. “இந்தப் பச்சை வட்டத்தைப் போட்டது யாரு? மின்மினிப் பூச்சியா?”

மேனேஜர் படத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“இது எங்களுக்காக எடுத்த படம். வெளிய காட்டக் கூடாது.”

“காட்டியாச்சு சார். உங்க கடிதத்தையும் சேத்து, தொழிலாளர் ஆபீஸ்ல குடுத்துட்டுத்தான் வரேன்.”

“அக்காவும் தம்பியும் நம்மகிட்டதான் வேலை பாக்குறீங்க. உப்பிட்டவரை…”

“அந்த உப்பைத்தான சார் அவன் காயத்துல தடவுறீங்க!”

அவள் குரல் கேட்டு வெளியே தட்டச்சு சத்தம் நின்றது. நிற்கட்டும் என்று இன்னும் உரக்கப் பேசினாள்.

விசாரணை இரண்டு முறை நடந்தது. முதலில் வாயே திறக்காத வாணக்காரர்கள் இருவர், படத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொன்னார்கள். நிறுவனம் கடிதத்தைத் திரும்பப் பெற்று, வைத்தியச் செலவையும் ஏற்றது. சூப்பர்வைசர் வேலை போயிற்று. மேனேஜர் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். அதை நினைத்தால் அவள் இப்போதும் பல்லை நறநறவென்று கடிப்பாள். தம்பியின் இரண்டு விரல்கள் மடங்கவேயில்லை.

கட்டுப் பிரித்த அன்று அவன் அந்த மூன்றாவது படத்தைக் கேட்டு வாங்கினான். வெகுநேரம் பார்த்தான்.

“இது வெடிச்சப்போ பயந்துட்டியாக்கா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்லடா. அழகா இருக்குன்னு நெனச்சேன்.”

படத்தைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்தான். “எல்லாரும் கைதட்டினது எனக்குக் கேட்டுச்சு. அதுல நீயும் ஒருத்தியா?”

இரண்டு நாள் அவன் முகம் கொடுக்கவில்லை. அவளும் சமாதானம் சொல்லப் போகவில்லை. சொன்னால் தனக்கே பொறுக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் திறந்த சட்டையோடு எதிரே வந்து, சுவரைப் பார்த்தபடி நின்றான்.

“பொத்தான் போட வரல.”

கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

“மேல் பொத்தான் வேண்டாம், இறுக்குது” என்றான், கோபம் தணியாமலே.