ஏழாவது விளக்கு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அரசு வரவுக்குள் செலவு செய்யப் பழக வேண்டும் என்று எங்கள் தலைநகரான சான் ஹோசேயின் நாளிதழ் ஒன்றில் கட்டுரை எழுதினேன். இப்போதும் அதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். மறுநாள் ஒரு வாசகர் போன் செய்தார்: "எல்லாம் சரிதான் சார். முதல்ல எந்தப் பள்ளிக்கூடத்த மூடலாம்னு நீங்களே சொல்லிடுங்களேன்." வைத்துவிட்டார். எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: கல்நெஞ்சக்காரி யோர்லேனி, மலைப் பள்ளியை மூடுவதற்காக...

(அடித்துவிட்டேன். நிதி அமைச்சக அதிகாரியை வில்லியாக்குவது வெறும் சோம்பேறித்தனம்.)

இரண்டாவது: யோர்லேனியிடம் ஒரு தொகையைக் கொடுத்து, அதற்கு மேல் ஒரு கொலோன் காசுகூடக் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். பட்டியலில் இரண்டு பள்ளிகள் மிச்சம். ஒன்று நகரத்தில். கழிப்பறை இடிந்து, சுகாதாரத் துறை பூட்டிவிட்டது. முந்நூறு பிள்ளைகள் இரண்டு வருடமாகத் தேவாலயக் கூடத்தில் படிக்கிறார்கள். மற்றது இந்த மலைப் பள்ளி. ஏழு பிள்ளைகள் இருந்தால் நீடிக்கும். ஆறு என்றால் மூடிவிட்டு, பணத்தை நகரப் பள்ளிக்குக் கொடுக்கலாம். எண்ணிப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

3

செப்டம்பர் பதினான்கு, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். மாலை ஆறு மணிக்கு நாடே தேசிய கீதம் பாடும் நாள். பிள்ளைகள் தாங்களே செய்த விளக்குகளோடு நின்றார்கள். யோர்லேனி விளக்குகளை எண்ணினாள், ஏழு. தலைகளை எண்ணினாள், ஆறு. பால் அட்டைப்பெட்டியில் செய்த குட்டி வீடு ஒன்று ஜன்னலோரம் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

"அது யாரோடது டீச்சர்?"

ஆசிரியை மரியேலோஸ் வெல்லத்தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். "தயானாவோடது, போன வருஷம் செஞ்சது. அவ அப்பாவுக்கு அன்னாசித் தோட்டத்துல வேலை கிடைச்சுது. மார்ச்லயே குடும்பத்தோட போயிட்டாங்க."

"பதிவேட்டுல பேரு இருக்கே?"

"நான்தான் தினமும் ஆஜர் போடறேன்."

"அது பொய்யில்லையா?"

"பொய்தான். நீங்க பூட்டிட்டா இந்தப் புள்ளைங்க ஆத்தத் தாண்டி ரெண்டு மணி நேரம் நடக்கணும். அக்டோபர் வெள்ளத்துல நீங்க நடந்து பாருங்க, தெரியும்."

யோர்லேனியை மரியாதையாக விளித்தபடி ஒரு வாண்டு குறுக்கே புகுந்தான். "தோன்யா, மணியாச்சு! சும்மா நிக்காதீங்க, இதப் புடிங்க!" தயானாவின் விளக்கை அவள் கையில் திணித்தான்.

ஒரு கையில் கோப்பை, மறு கையில் விளக்கு. பேனா பைக்குள் கிடந்தது. பாட்டு முடியும்வரை அவளால் எதையும் எழுத முடியவில்லை. (கண் கலங்கினாள் என்று எழுதி அடித்தேன். அவள் பாடினாள், சுருதி சேரவில்லை, அவ்வளவுதான்.)

4

ஏழு என்று எழுதுகிறாள். முந்நூறு பேருக்கு இன்னொரு வருடம் தேவாலயக் கூடம்தான்.

ஆறு என்று எழுதுகிறாள். அக்டோபரில் ஒருநாள், ஆற்றங்கரையில்... (இதை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

எங்கிருந்தோ புதிதாகப் பணம் வருகிறது. (கட்டுரையாளன் சிரித்துவிட்டான்.)

ஒன்றை மறைப்பது நியாயமில்லை. முதல் வரைவில் தயானாவே கிடையாது. ஆறு பிள்ளைகள், ஆறு விளக்குகள். யோர்லேனி எண்ணினாள், எழுதினாள், பஸ் ஏறிவிட்டாள். அரைப் பக்கத்தில் கதை மூடிக்கொண்டது. மூடாமல் இருக்க நானும் இல்லாத பிள்ளை ஒன்றைச் சேர்த்தேன். மரியேலோஸைக் கண்டிக்க எனக்கு இனி வாயில்லை.

யோர்லேனி விளக்கைக் கீழே வைத்துப் படிவத்தை எடுக்கிறாள். கட்டம் காலியாக இருக்கிறது. எனக்குப் போன் செய்த அந்த வாசகர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். எண்ணை நீங்களே எழுதுங்கள். எழுதியதும், எந்தப் பள்ளி இழக்கிறதோ அந்தப் பள்ளிக்கும் நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள்.