ராபி டேனின் கையெழுத்து

"நான்தான் ராபி டேன்" என்று யாராவது வந்து நின்றால் உடனே நம்பிவிடக் கூடாது என்பது எங்கள் சங்கத்தில் எழுதாத சட்டம். மூன்று வருடங்களுக்கு முன் ஒருவன் வந்தான், தான்தான் பிராம்லீஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் என்று. ஒரு தட்டு ஹாம் சாண்ட்விச்சைக் காலி செய்தான். பெண்கள் எல்லோருடைய கன்னத்திலும் முத்தம் கொடுத்தான், என் கன்னத்தில் இரண்டு. அடுத்த வாரம் ஒரு விதவையிடமிருந்து கடிதம் வந்தது. நிஜ டிரம்ஸ்காரர் செத்து இருபது வருடமாம். வந்தவன் பிரெஸ்டனில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். அன்றிலிருந்து நாங்கள் யாரையும் நம்புவதில்லை. நான் அதற்கு முன்பும் யாரையும் நம்பியதில்லை, அது வேறு விஷயம்.

எங்களுடையது லிவர்பூலிலிருந்து அதிக தூரமில்லாத ஆக்ரிங்டன் என்ற ஊரில் ஒரு தொழிலாளர் கிளப்பின் மாடியறையில் மாதம் ஒரு முறை, இரண்டாம் ஞாயிறு மத்தியானம் கூடுகிற சிறு கூட்டம். பதினோரு பேர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு டீ பாய்லர். 1964-ல் எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து பிராம்லீஸ் என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். 'ஞாயிற்றுக்கிழமை பஸ்' என்ற அவர்களுடைய பாட்டு மூன்று வாரம் நாட்டிலேயே பதினேழாவது இடத்தில் இருந்தது. லிவர்பூல்காரர்களுக்கு நூறு பாட்டு இருக்கலாம். எங்களுக்கு அந்த ஒன்று போதும், ஐம்பது வருடமாகப் போதுமானதாகத்தான் இருக்கிறது. பாடியவன் ராபி டேன். அறுபத்தேழில் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெட்ரோல் பங்கில் வேனை விட்டு இறங்கிப் போனவனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அந்த மார்ச் ஞாயிறன்று மழைக்கோட்டும் தொப்பியுமாக ஒரு கிழவர் மாடியேறி வந்தார். தொப்பியைக் கழற்றினார். தலை முட்டை மாதிரி வழுக்கை. தான்தான் ராபி டேன் என்று யாருக்கும் தொந்தரவு கொடுக்க விரும்பாதவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். யாரோ ரெக்கார்டை நிறுத்தினார்கள்.

பிராம்லீஸ் முதன்முதலில் பாடிய நடன அரங்கம் இப்போது கம்பளக் கடை. அடுத்த சனிக்கிழமை அதன் சுவரில் எங்கள் சங்கம் ஒரு நினைவுப் பலகை திறப்பதாக இருந்தது. அதைப் பற்றிப் பேப்பரில் பார்த்து வந்தாராம். குழுவில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மூன்றாமவர் ஆஸ்திரேலியாவில் தன் மகளையே அடையாளம் தெரியாமல் படுத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"திரையெல்லாம் நான் இழுக்க வேண்டாம்" என்றார். "ஓரமா நிக்கறேன். நாலு பேருல ஒருத்தனாவது அங்க இருக்கணும்ல?"

இத்தனை வருடம் எங்கே இருந்தார் என்று கேட்டோம். ஹல் நகரில் பஸ் ஓட்டினாராம்.

"யார்க்ஷயர்லயா?" என்றார் ட்ரெவர். "அதுக்கே உங்கள உள்ள விட்டிருக்கக் கூடாது."

எங்கள் மாவட்டத்துக்கும் பக்கத்து யார்க்ஷயருக்கும் பரம்பரைப் பகை. நாலைந்து பேர் சிரித்தார்கள். ட்ரெவர் சிரிக்கவில்லை. அவர் எங்கள் தலைவர், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். திரையை இழுக்கும் கயிறு அவர் கையில்தான் இருப்பதாக ஏற்பாடு. அதற்காகப் புது கோட்டு வாங்கியிருந்தார். ஆனால் அவருக்குக் கோபம் அதனால் இல்லை. பதினோரு வயதில் கால் எலும்பு முறிந்து ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். அப்போது ராபி டேனின் படம் ஒன்று தபாலில் வந்தது. 'ட்ரெவருக்கு, சீக்கிரம் எழுந்து ஆடு, அன்புடன் ராபி' என்று அதில் எழுதியிருந்தது. சட்டம் போட்ட அந்தப் படம் ஒவ்வொரு கூட்டத்தன்றும் அவரோடு வரும், சுவரில் மாட்டப்படும், அவரோடு வீட்டுக்குத் திரும்பும். அந்தப் பெயரை இன்னொரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் சொல்லிக்கொண்டு திரிவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

கிழவரை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பாஸ்போர்ட்டைக் கேட்டோம். அதில் நார்மன் ஷட்டில்வொர்த் என்று இருந்தது. ராபி டேன் என்பது மேனேஜர் சிரில் வைத்த பெயராம், ஷட்டில்வொர்த் என்ற பெயர் ரெக்கார்டின் நடு வட்டத்தில் கொள்ளாது என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. காதில் பூச்சுற்றுகிறவர்கள் எல்லோரும் கேட்க நன்றாகத்தான் சொல்வார்கள்.

அடுத்து ட்ரெவர் பழைய ரசிகர் மன்றச் செய்தித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பரீட்சை நடத்தினார். ராபிக்குப் பிடித்த சாப்பாடு எது?

"குடல்கறி. வினிகர் நிறைய ஊத்தி" என்றார் கிழவர்.

தவறு. நாலாவது இதழில் பீச் பழமும் ஐஸ்கிரீமும் என்று போட்டிருக்கிறது. மேடையில் போட்ட சூட்டின் நிறம்? சாம்பல் என்றார். இதழில் வானநீலம். ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்? தூங்குவேன் என்றார். இதழில் கவிதை எழுதுவார் என்றிருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ட்ரெவர் தலையை ஆட்டினார், பெயிலாகப்போகும் பையனைப் பார்க்கிற மாதிரி.

எனக்கு அப்போதுதான் வேறு மாதிரி ஒரு சந்தேகம் தட்டியது. ஏமாற்ற வந்தவன் என்றால் அந்த இதழ்களை மனப்பாடம் செய்துகொண்டு அல்லவா வருவான்? அந்த ஃபிரிட்ஜ்காரன் ராபியின் பீச் பழத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினானே.

இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வரக் காரணம் இருக்கிறது. அந்த இதழ்களை எழுதியது நான்.

என் பெயர் டோரீன். பிராம்லீஸ் ரசிகர் மன்றத்தின் செயலாளர். அந்த ஒரே தகுதிக்காகச் சங்கத்தில் எனக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி. பதினேழு வயதில் பகலெல்லாம் செருப்புக் கடையில் வேலை, சாயந்திரம் கசாப்புக் கடை மாடியில் சிரிலின் அறையில் கடிதங்களுக்குப் பதில். பையன்கள் எப்போதும் வெளியூரில். பெண்பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் அண்டவிட மாட்டார் சிரில். ராபியை மூன்று முறைதான் பார்த்தேன், மூன்று முறையும் தூரத்திலிருந்து. பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்டதற்கு, "எதையாவது போடும்மா, நல்லா இருக்கிற மாதிரி" என்றார் சிரில். போட்டேன். கையெழுத்துக் கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. "அவனுக்கு எங்க நேரம், நீயே போடு" என்றார். பெரிய 'ஆர்', அடியில் நீள வால், வால் நுனியில் ஒரு சிட்டுக்குருவி. எல்லாம் என் கைவேலை. ராபியின் கையெழுத்தை அந்நாளில் நான் பார்த்ததுகூட இல்லை.

தலைமுடி கேட்டும் எழுதினார்கள். எங்கள் வீட்டில் மேஜர் என்று ஒரு ஸ்பானியல் நாய் இருந்தது, செம்பட்டை நிறம். படங்களெல்லாம் கறுப்பு வெள்ளைதானே, ராபியின் முடி என்ன நிறம் என்று எவருக்குத் தெரியும்? நாற்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன். மேஜரின் இடது காது பாதி மொட்டையாகி, சொறி என்று நினைத்து அம்மா அவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். ஐம்பது வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது?

பரீட்சை முடிந்தது. கடைசியாக ட்ரெவர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, ராபி டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார். கிழவர் போட்டார். கோழி கிளறின மாதிரி ஒரு கிறுக்கல், இங்கிலீஷில் அந்தப் பெயரின் நடுவே வரும் இரண்டு 'பி'யும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ட்ரெவர் பூதக்கண்ணாடியை வைத்து அதையும் தன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை.

"அதுல இருக்கறது நான் போட்டதில்லீங்க" என்றார் கிழவர். "தபால்ல போனது எதையும் நாங்க போடல. சிரில் யாரையோ வெச்சுப் போட்டுக்கிட்டான்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "டோரீன், அப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டார் ட்ரெவர்.

நல்ல பதில் ஒன்றை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இல்லை" என்றேன்.

கிழவர் என்னை ஒரு தரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போது டீ பாய்லருக்குப் பக்கத்திலிருந்து பெரில் வந்தாள். பதினாலு வருடமாக எங்களுக்கு டீ போடுகிறவள். மேசைமேல் இருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். பிறகு போய்த் தன் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன ஆட்டோகிராஃப் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அந்தப் புத்தகம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அறுபத்தைந்தில் பிளாக்பர்ன் அரங்கின் பின்வாசலில் மழையில் இரண்டு மணி நேரம் நின்று ராபியிடம் நேரில் வாங்கியதாகச் சொல்லி, இரண்டு வருடத்துக்கு முன் அதைக் காட்டினாள். ட்ரெவர் அன்றும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, போலி என்று சொல்லிவிட்டார். பெரில் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அதே கோழிக் கிளறல், ஒன்றின் மேல் ஒன்று ஏறின அதே இரண்டு 'பி'. எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. இது ராபி டேன்தான்.

ட்ரெவருக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தேகம் பிடித்தவனுக்கு அத்தாட்சியும் சூழ்ச்சியாகத்தான் தெரியும், எனக்குத் தெரியாதா?

"முன்னாலயே ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா, பெரில்?" என்று கேட்டார். "உன் புத்தகத்தை நிஜமாக்கறதுக்கு இவரக் கூட்டிட்டு வந்தியா?"

பெரில் முதுகுப் பக்கம் கையை விட்டு ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். மடித்து மேசையில் வைத்தாள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, என் மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய் ட்ரெவரின் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். கிழவரின் கிறுக்கலுக்குக் கீழே எழுதினேன். ட்ரெவருக்கு, சீக்கிரம் எழுந்து ஆடு, அன்புடன் ராபி. பெரிய 'ஆர்', நீள வால், சிட்டுக்குருவி. ஐம்பது வருடத்தில் கை ஒன்றையும் மறக்கவில்லை.

எல்லாவற்றையும் போட்டது நான்தான் என்று சொன்னேன். பீச் பழமும் நான், கவிதையும் நான். பெரிலுடைய புத்தகத்தில் இருப்பது ஒன்றுதான் இந்த அறையிலேயே அசல் என்றும் சொன்னேன்.

ட்ரெவர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார். கோட்டின் கையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார், பழக்கத்தில். பிறகு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை.

ட்ரெவர் தன் பர்ஸைத் திறந்தார். நோட்டுகளுக்குப் பின்னாலிருந்து பழுத்துப்போன ஒரு சின்ன உறையை வெளியே எடுத்தார். படத்தோடு கூட வந்த உறை. அதற்குள் டேப் ஒட்டின ஒரு சுருள் முடி, செம்பட்டை நிறம். அறுபத்தொரு வயது மனிதர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பையனின் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"அப்ப இது, டோரீன்?"

உண்மை சொல்வதென்று ஆரம்பித்துவிட்டேன், பாதியில் நிறுத்தக் கூடாது என்று வாயைத் திறந்தேன்.

"அது என்னோடது" என்றார் கிழவர்.

அவர் முடியைப் பார்க்கக்கூட இல்லை. ட்ரெவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேன்ல தூங்கிட்டிருந்தேன், சிரில் கத்திரியோட வந்து வெட்டிட்டான். எந்திரிச்சுப் பார்த்தா காதுக்குப் பின்னால இத்தன பெரிய ஓட்டை. மூணு நாள் அவன்கிட்ட பேசல." வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப எனக்கு இந்த நிறந்தான் முடி."

ட்ரெவர் அந்த உறையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு நோட்டுகளுக்குப் பின்னால், இருந்த இடத்திலேயே வைத்துப் பர்ஸை மூடினார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்துவிடுங்கள், கயிற்றை நீங்களே இழுங்கள் என்று கிழவரிடம் சொன்னார்.

கண் இமைக்காமல் அத்தனை சுத்தமாகப் பொய் சொன்னார் அந்த ஆள். உள்ளே நுழைந்ததிலிருந்து அவர் சொன்னதெல்லாம் உண்மை, அதில் ஒன்றைக்கூட நாங்கள் நம்பவில்லை. சொன்ன ஒரே பொய்யை எல்லோரும் நம்பினார்கள். மேஜரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, இனியும் திறக்க மாட்டேன்.

பெரிலிடம், அவருக்கு ஒரு டீ கொடு என்றேன். மடித்து வைத்த ஏப்ரனை அவள் என் பக்கம் தள்ளினாள்.

"நீயே போய் ஊத்து" என்றாள்.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டு போய் ஊற்றினேன்.