முதலில் அவள் வரையட்டும்

ஓவியக் கல்லூரியில் அவளுக்கு ‘ரப்பர் மேடம்’ என்று பெயர். புது வகுப்பின் முதல் நாளே எல்லோரிடமும் அழிரப்பரை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவாள். “தப்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அடுத்த கோட்டைப் போடு” என்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் துறையில் அவள் ஒருத்திதான் பெண். ஆசிரியர்கள் அறைக்குள் அவள் நுழைந்தாலே பேச்சு சட்டென்று மாறும். மாற்றாமல் பேசியவர் ஒருவர்தான், கல்லூரிப் பட்டறையின் தச்சர். மாணவர்கள் வரைவதற்கு மரத் தாங்கிகள் தேவைப்பட்டு, ‘ஈசல் பத்து வேண்டும்’ என்று அவள் சீட்டு எழுதி அனுப்பினாள். அவர் சீட்டோடு நேரில் வந்து நின்றார். “மழை பெஞ்சா தானா வருமே மேடம், அதை எதுக்கு நான் செய்யணும்?”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது.

தச்சரைக் கட்டிக்கொள்கிறாள் என்று அவளுடைய அண்ணன் கல்யாணத்துக்கே வரவில்லை. “இனிமே மேடத்துக்கு சட்டம் எல்லாம் இலவசம்” என்று ஆசிரியர்கள் அறையில் கேலி செய்தார்கள். அது உண்மையாகவும் ஆயிற்று. அவள் வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் சட்டம் அடித்து, துணி இழுத்துக் கட்டி, பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கட்டித் தூக்கிப் போனது அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவளால் வரைய முடிந்தது. கல்லூரியைப் பெருக்குகிற பெண்கள், காவலாளி, ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருப்பவர்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் வரைந்தாள். தலைநகரிலிருந்து இரண்டு முறை கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். முதல் முறை மகள் வயிற்றில் இருந்தாள். இரண்டாம் முறை இவளே துறைத் தலைவி ஆகியிருந்தாள், மாணவர் சேர்க்கை நேரம். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள். அடுத்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் நகர அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய நாற்பத்து மூன்று படங்களையும் ஒரே கூடத்தில் வைக்க விரும்பினார்கள்.

அதற்குள் அவர் மறக்கத் தொடங்கியிருந்தார். தீட்டிய உளியை ஃப்ரிட்ஜில் வைத்தார். ஒரு நாள் காலை, காபி கொடுத்தவளிடம், “நீங்க எந்த வீடு?” என்று கேட்டார். இது இனிக் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திறப்பு நாளன்று மகள் அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். அவர் முதலில் படங்களைப் பார்க்கவில்லை. சட்டங்களின் மூலைகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார்.

“இணைப்பு கச்சிதமா உக்காந்திருக்கு. செஞ்சவன் கைகாரன்தான்.”

பிறகு பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். “நீங்கதான் வரைஞ்சீங்களா மேடம்?”

“ஆமாங்க.”

“நல்லா இருக்கு. எம் பொண்டாட்டியும் வரைவா. தப்பா நினைக்காதீங்க, இதைவிட நல்லா வரைவா.”

பேச்சை விட மனமில்லாமல் அவள் கேட்டாள். “உங்களை வரைஞ்சிருக்காங்களா?”

“இல்லீங்க. அவளுக்கு மூச்சு விட நேரமில்ல. என்னை வரையணும்னு சொல்லி வெச்சிருக்கேன். வரைவா.”

எப்போதோ, சட்டையில் மரத்தூளோடு வந்து நின்று அவர் கேட்டிருந்தார். ‘ஞாயித்துக்கிழமை பாக்கலாங்க’ என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று படங்களில் ஊரே இருந்தது. மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லப் போனவள் மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டாள். “கொஞ்சம் உக்காருங்க, உங்களை வரையறேன்.”

அவர் மரியாதையாக எழுந்து நின்றுகொண்டார். “கோவிச்சுக்காதீங்க மேடம். முதல்ல அவ வரையட்டும். நான் வேற ஒருத்தர்கிட்ட உக்காந்தேன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்.”

“நான்தாங்க அது.”

அவளுடைய வெள்ளை முடியை அவர் இரக்கத்தோடு பார்த்தார். “நீங்க நல்லவங்க. ஆனா அவ வேற.”

கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. “இவதான்! எங்க பாத்தீங்க இவளை?”

“அப்பா தூங்கும்போது வரைஞ்சிடும்மா” என்றாள் மகள். “அவருக்கு எங்க தெரியப்போகுது?”

ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்தபோது அவள் நோட்டைப் பிரித்தாள். நெற்றிக் கோடு தானாக வந்தது. புருவத்துக்குப் போகுமுன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏம்மா?”

“வேண்டாம்டி. அவர் சம்மதிக்கல. யாருக்காக சம்மதிக்கலைன்னு நெனச்சுப் பாரு.”

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவரோடு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“அவ எப்ப வருவா மேடம்?”

“வகுப்பு முடிஞ்சதும் வந்துருவாங்க.”

“அவசரப்படுத்தாதீங்க. புள்ளைங்க படிப்பு கெட்டுடும்.”

ஏழு மாதம் அப்படியே போயிற்று. சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, அவர் போய்விட்டார். கடைசி நாள் அவள் கையைப் பிடித்திருந்தார். யார் கை என்று நினைத்துப் பிடித்தாரோ, அவளுக்குத் தெரியவில்லை.

தெரிந்தவர்கள், இனி அவள் வரையமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். பத்தாம் நாளே அவள் அவரை வரைய உட்கார்ந்தாள். போட்டோவைப் பார்த்து வரைந்தால் போட்டோ போலத்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நினைவிலிருந்து வரைந்தாள். மோவாய் வந்தது, ஒரு காது வந்தது. முகம் வரவில்லை. மேசையடியில் தாள்கள் குவிந்தன.

“போதும்மா, சாப்பிட வா” என்று மகள் வந்து தோளைத் தொட்டாள்.

“நீ போட்டுச் சாப்பிடு. இன்னிக்கு மூக்கு பிடிபடுதான்னு பாக்கறேன்” என்று அவள் அடுத்த தாளை எடுத்தாள்.