வடிகட்டிப் படித்த கதை

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழலையர் பள்ளியிலிருந்து ஷாக்கேத் துணிப்பையோடு வந்தாள். வேறு அப்பாவாக இருந்தால் பையைச் சோபாவில் வீசிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பான். நிம்ரோத் பைக்குள்ளிருந்த படக்கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். மகளுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் தான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவன் வேலை. எந்தக் கம்பி எப்போது அறுந்து விழுமோ என்று பத்து வருடமாகச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவன், நாலு வயதுக் குழந்தையின் புத்தகத்தை மட்டும் நம்பிவிடுவானா?

எல்லாம் ஒரு முத்தத்தில் ஆரம்பித்தது. போன மாதம் ஒரு புத்தகம் கை தவறிக் கீழே விழ, ஷாக்கேத் அதை எடுத்து முத்தம் கொடுத்து மேஜையில் வைத்தாள். விழுந்த வேதப் புத்தகத்தை முத்தமிடுவது பக்தியுள்ள யூதர்கள் வீட்டுப் பழக்கம். நிம்ரோத் வீட்டிலோ மின்சாரம் போனால்தான் மெழுகுவர்த்தியே ஏற்றுவார்கள். அவிஷை என்கிற தம்பியும் இப்படித்தான் ஆரம்பித்தான். முதலில் ஒரு முத்தம், அப்புறம் தலையில் தொப்பி, அப்புறம் அம்மாவின் பாத்திரம் மத விதிப்படி சுத்தமில்லை என்று தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்தான். இப்போது ஜெருசலேமில் எட்டுப் பிள்ளைகளோடு இருக்கிறான். அண்ணன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சூடு கண்ட பூனை நிம்ரோத். தம்பியைப் போல மகளும் கையை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் அவனைத் தின்றது.

சந்தேகம் நேராக டீச்சர் ஸஹாவா மேல் விழுந்தது. ஆகஸ்ட் வெயிலிலும் பக்திக்காரப் பெண்களைப் போல முழுக்கைச் சட்டை போடுகிறாள், ஏன்? வாரம் தவறாமல் பழைய யூதக் கதைகளாகவே பொறுக்கி அனுப்புகிறாள், யார் சொல்லி? மனைவி ஓர்லியிடம் கேட்டுப் பார்த்தான். நாமும் கேட்டு வளர்ந்த கதைதானே, பேசாமல் சாப்பிடு என்று அவள் வெள்ளரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவளையும் டீச்சர் வளைத்துப் போட்டிருப்பாளோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான்.

அதனால் இரண்டு காரியம் செய்தான். டீச்சரை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதி, மற்றப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினான். இரண்டாவது, புத்தகங்களை வடிகட்டிப் படித்தான்.

அந்த வாரக் கதையில் ஓர் ஏழைச் செருப்புத் தொழிலாளியும் மனைவியும் இருந்தார்கள். ஓய்வுநாள் விருந்துக்கு ஒரே ஒரு மீன். கந்தல் உடுத்த கிழவர் ஒருவர் பசியென்று கதவைத் தட்ட, அதையும் கொடுத்துவிடுகிறார்கள். அவர் போனபின் பார்த்தால் சட்டி நிறைய மீன். வந்தவர் எலியா தீர்க்கதரிசி, அனுப்பியவர் கடவுள். நிம்ரோத் படித்தபோது ஓய்வுநாள் பிறந்தநாளாயிற்று, எலியா நகராட்சி ஊழியரானார், மீனைக் கொண்டுவந்து போட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். கிழவர் தலையைச் சுற்றி ஏன் வெளிச்சம் என்று ஷாக்கேத் கேட்டாள். டார்ச் விளக்கு என்றான். அவள் படத்தைப் பார்த்தாள், அப்புறம் அவனையே வெகுநேரம் பார்த்தாள். சமாளித்துவிட்டோம் என்று அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

வாரத்தின் முதல் பள்ளி நாளான ஞாயிற்றுக்கிழமை காலை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியவனை டீச்சர் வாசலில் நிறுத்தினாள்.

"கையெழுத்து வாங்கறீங்களாமே. எத்தனை ஆச்சு?"

"ஏழு. புஸ்தகத்துக்கு முத்தம் குடுக்க எம் பொண்ணுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"முட்டியில அடிபட்டா முட்டிக்குக் குடுக்கறா. பொம்மை விழுந்தா பொம்மைக்குக் குடுக்கறா. நிம்ரோத், அவளுக்கு நாலு வயசு."

சட்டைக் கையைப் பற்றியும் கேட்டான். ஏசி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். அதையும் அவன் நம்பவில்லை.

"வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அதே புஸ்தகத்த இங்க மூணு தடவ படிச்சிருவோம்," என்றாள் டீச்சர். "ஒங்க பொண்ணுக்கு வரிக்கு வரி மனப்பாடம். இன்னிக்கு வந்ததும் வராததுமா கேக்கறா, 'டீச்சர், நீங்க பொய் சொன்னீங்களா, எங்கப்பா பொய் சொன்னாரா?'ன்னு."

நிம்ரோத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டான்.

"ஒங்கப்பாவுக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொன்னேன். எத்தனை நாளைக்கு அதையே சொல்றது?"

மனுவை அவன் கொடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. அந்த வாரம் முழுக்க அது சட்டைப்பையிலேயே கிடந்து கசங்கியது. இவள் எதற்காகத் தன்னைக் காப்பாற்றினாள், இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று அதையும் யோசித்துப் பார்த்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை குளியலறைக்குப் போகவில்லை. சாப்பாடு முடிந்ததும் மகளைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்துப் புதுப் புத்தகத்தைப் பிரித்தான். ஒரு வார்த்தை விடாமல், ஒரு வார்த்தை கூட்டாமல் படித்தான். கடவுள் என்று வந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் படித்தான். பாதிக் கதையில் ஷாக்கேத் தன் சின்னக் கையை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"இது இங்க எழுதியிருக்கா, இல்ல நீயா சொல்றியா?"

"எழுதியிருக்கும்மா. இங்க பாரு."

பார்த்து என்ன செய்வாள்? அவளுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது. கட்டிலிலிருந்து இறங்கி, புத்தகத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

"அம்மா, அப்பா சொன்னது சரியான்னு பாத்துச் சொல்லு."

ஓர்லி கையைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். அதே வார்த்தைகள்தான்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றாள் ஷாக்கேத். "மீதிய நீயே படிம்மா."

நிம்ரோத் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். கதை சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. மகள் ஒரு இடத்தில் சிரிப்பதும் கேட்டது. எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்து கேட்கலாம் என்று ஆசையாக இருந்தது. போனால் எதற்கு வந்தாய் என்று கேட்டுவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. அவன் போகவில்லை.