மெதுவாக்குவதற்கு என்ன விலை

சலவைக் கடைக்கு மேலே, மாடியறையில், அக்கா தங்கை இருவர் பழைய வீடியோ கேம் மெஷின்களுக்கு மாற்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். விற்பனை கிடையாது, ரிப்பேர்கூட அவ்வளவாகக் கிடையாது. இருக்கிற மெஷினை ஆள் கேட்கிறபடி மாற்றித் தருவதுதான் தொழில். ஒருவருக்கு வேகம் கூட வேண்டும், ஒருவருக்குப் படம் பளிச்சென்று வேண்டும், இன்னொருவருக்கு உள்ளே இருக்கிற போர்டு தெரிய வேண்டும். ஆசைக்கு அளவேது! கீழே இஸ்திரி போடும்போது எழும் ஆவி மரத்தரையின் இடுக்குகள் வழியாக மேலே வரும். மத்தியானம் ஆனால் அறை வெதுவெதுப்பாகி, துவைத்த துணி வாசனையோடு, பாதித் தூக்கத்தில் மிதப்பது போலிருக்கும்.

சால்டரிங் வைப்பது தங்கை. விலை சொல்வது அக்கா. இந்தப் பாகப்பிரிவினை சும்மா வந்ததில்லை. தங்கைக்குப் பிடித்த வேலை வந்தால் பாதி விலை சொல்வாள். வந்தவர் முகம் வாடியிருந்தால் அதிலும் பாதி. "நீ கடை நடத்தலடி, அன்னதானம் நடத்தற" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அக்காவுக்கு ஒரே விலை. ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். வேலை இழுத்தடித்தால் நட்டம் அவளுக்கு, சீக்கிரம் முடிந்தால் லாபமும் அவளுக்கு. தெரிந்தவன் தெரியாதவன், சிரிப்பவன் அழுபவன், எல்லாருக்கும் அதேதான். கல்நெஞ்சக்காரி என்று பெயர். அப்படிப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் அடுத்த மெஷினையும் அவளிடமே கொண்டுவந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அண்ணிக்குப் பிரசவம் என்று அக்கா அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"வர்ற வேலையை வாங்கி வை. விலையை நான் போன்ல சொல்றேன். நீ பாட்டுக்கு வாயைத் தொறக்காதே."

"தொறக்க மாட்டேன்க்கா."

பூனை பாலைக் காவல் காப்பதாகச் சொன்ன கதைதான். அக்கா போன மறுநாளே ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் படியேறி வந்தார்.

ஓய்வு பெற்றவர். வழித்த முகம், பெரிய கைகள். பழைய மெஷின் ஒன்றைத் துண்டில் சுற்றி, அடிபட்டவரைத் தூக்கி வருவது போல இரு கையாலும் ஏந்தி வந்து மேஜைமேல் வைத்தார்.

"நீங்க வேகம் கூட்டித் தருவீங்களாமே. குறைக்க முடியுமா?"

தங்கை காதைத் தேய்த்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"குறைக்கறதா? எதுக்கு சார்?"

டிரைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"கல்யாணமான புதுசுல நானும் வீட்டுக்காரியும் வாங்கினது. கார் பந்தயம். தினமும் சாப்பிட்டு முடிச்சதும் ஒரு ஆட்டம். தோத்தவங்க பாத்திரம் கழுவணும். ஊரெல்லாம் ஆம்புலன்ஸ் பறக்க ஓட்டினவன் நான். வீட்டுல பாதி நாள் பாத்திரம் கழுவினதும் நான்தான்."

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"போன வருஷம் அவளுக்கு மூளையில ஒரு அடைப்பு. பொழச்சுட்டா. நடக்கறா, பேசறா, எல்லாம் உண்டு. எதுவும் கொஞ்சம் தாமதமா வருது. அவ்ளோதான். வளைவு வந்தப்புறம் விரல் அழுத்தினா கார் மோதாம என்ன செய்யும்? சரி, நான் விட்டுக்கொடுத்தேன். கண்டுபிடிச்சுட்டா. 'இப்ப ஜெயிச்சது நானா, உங்க பரிதாபமா'ன்னு கேட்டா. அன்னிக்குக் கீழ வச்ச கன்ட்ரோலர்தாம்மா. அப்புறம் எடுக்கவே இல்லை. முகம் குடுத்துப் பேசறதும் போச்சு. இப்ப ஆட்டமே இல்லாம பாத்திரம் கழுவறேன்."

மெஷின் மெதுவாக ஓடினால் இருவருக்கும் ஒரே வேகம். மெஷினுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி அவளை மறுபடி உட்கார வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

"என்ன ஆகும்மா?"

அக்காவின் முகம் ஒரு கணம் வந்து போனது. ஆனால் எதிரே இருந்த முகம் அதைவிடப் பக்கத்தில் இருந்தது. தங்கையின் வாய் தானாகத் திறந்தது. தூசி தட்டுகிற வேலைக்கு அக்கா வாங்குவாளே, அந்த விலையைச் சொல்லிவிட்டாள்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தங்கைக்குத் தான் ரொம்ப நல்லவள் என்று தோன்றியது. அப்படித் தோன்றும்போதுதான் மனிதர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வேலை அவள் நினைத்ததுபோல் இல்லை. போர்டின் நடுவே கொட்டைப் பாக்கு அளவில் ஒரு கிரிஸ்டல். அதன் துடிப்புக்குத்தான் மெஷினே ஆடுகிறது. துடிப்பைக் குறைத்தால் கார் மெதுவாகும், சரி. கூடவே படமும் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் உருள ஆரம்பித்தது. ஆகவே படத்துக்குப் பழைய துடிப்பைத் தனியாகப் பிரித்துக் கொடுத்து, மற்றதெல்லாம் கையால் திருப்பும் ஒரு குமிழின் சொல்லைக் கேட்கும்படி செய்ய வேண்டியிருந்தது. தலைமுடிபோன்ற கம்பிகளோடு அந்த வாரம் முழுவதும் கரைந்தது. அக்கா போனில் கேட்டபோது, "சும்மா தூசி தட்டற வேலைக்கா" என்று மழுப்பினாள்.

கடைசியில் ஒரு மத்தியானம் எல்லாம் கூடி வந்தது. கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, குமிழை மெல்லத் திருப்பினாள்.

கடலோரச் சாலை. வழக்கமாக அந்த விளையாட்டில் கடல் என்பது ஒரு நீலக் கோடு. பார்க்க யாருக்கு நேரம்? இப்போது அலை ஒன்று எழுந்து, யோசித்து, நிதானமாக மடிந்தது. பனைகள் ஒவ்வொன்றாக அருகில் வந்து நின்று விடைபெற்றுப் போயின. துள்ளிக் குதிக்கும் பாட்டு அடித்தொண்டைக்கு இறங்கி, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலக் கேட்டது. சாலையோர வீடொன்றில் ஒரு ஜன்னல் இருந்தது, அதில் விளக்கு எரிந்தது. இதை வரைந்தவரைத் தவிர வேறு யாராவது பார்த்திருப்பார்களா என்று தங்கை வியந்தாள். தரையிடுக்கிலிருந்து ஆவி எழுந்து திரையைத் தொட்டது. கடல் அறைக்குள் வந்துவிட்டதா, தான் சாலைக்குள் போய்விட்டாளா என்று தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணமே கேட்கத் தோன்றாத சந்தோஷம்.

டிரைவர் வந்து, சொன்ன பணத்தைக் கொடுத்து, மெஷினை வாங்கிப் போனார்.

சில நாளில் படியில் காலடிச் சத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம், ஒரு படி. கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு அம்மாள் ஏறி வந்தாள். தோளில் பை. பையிலிருந்து அதே மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்து, பின்பக்கம் முளைத்திருந்த குமிழைக் காட்டினாள்.

"இந்த மூக்கை... வச்சது யாரு?"

சொற்கள் தாமதமாக வந்தன. ஆனால் ஒன்றும் வழிதவறாமல் வந்தன.

"நான்தான்மா."

"மெஷினுக்கு வயசாயிடுச்சாம். என் வீட்டுக்காரர்... பொய் சொன்னா காது சிவக்கும். பாட்டு இறங்கினப்பவே தெரிஞ்சுது. சரி, அதை அவர்கிட்ட கேட்டுக்கறேன். இதுக்கு எவ்வளவு வாங்கினே?"

தங்கை சொன்னாள்.

அந்த அம்மாள் குமிழைத் திருப்பிப் பார்த்தாள். அடிமூடியின் இடுக்கில் தெரிந்த கம்பிகளைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"இது ஒரு நாள் வேலையா?"

"இல்லைம்மா."

"அப்புறம் ஏன் இந்த விலை?"

கீழே இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று மூச்சு விட்டது.

"என் கதையைச் சொன்னாரா?"

"சொன்னார்."

"செருப்புக் கடை வச்சிருந்தவ நான். கால் விந்தி வர்றவங்ககிட்டயும்... முழு விலைதான். நல்ல செருப்பு, முழு விலை. ஒரு தடவை ஒருத்தருக்குக் குறைச்சேன். அவர் அப்புறம் வரவே இல்லை. எதிர்க் கடைக்குப் போனார்." மூச்சு வாங்கினாள். "என் வீட்டுக்காரர் வீட்டுல விட்டுக்கொடுத்தார். நீ கடையில விட்டுக்கொடுத்திருக்கே. ரெண்டு பேருமா சேர்ந்து... என்னை ஆட்டத்தை விட்டே எடுத்துட்டீங்க."

தங்கைக்கு முகம் எரிந்தது. அக்கா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அதெல்லாம் காதோடு போயிற்று. இது நெஞ்சில் இறங்கியது. தன் இரக்கத்தை இத்தனை நாள் பூ என்று நினைத்துக் கொடுத்தவள், வாங்கியவர் கையில் அது முள்ளாயிருந்ததை இப்போதுதான் பார்த்தாள்.

"மன்னிச்சுடுங்கம்மா."

"மன்னிப்பெல்லாம் வேணாம். விலையைச் சொல்லு. நிஜ விலை."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். இழுத்த கம்பிகள், தீய்ந்த விரல், வீணான முதல் கிரிஸ்டல், கரைந்த வாரம் எல்லாம் வரிசையாக வந்தன. அக்கா இருந்தால் என்ன சொல்வாளோ அதைச் சொன்னாள்.

"கொள்ளை!" என்றாள் அந்த அம்மாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "பாதி தர்றேன்."

"முடியாதும்மா."

"முக்கால். நோயாளி நான்."

தங்கையின் நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது. அந்த அம்மாள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறைத்துவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சுவது போலிருந்தது.

"ஒரு காசு குறையாதும்மா. இந்த வேலைக்கு இதுதான் விலை."

"அப்படிச் சொல்லு!" மேஜையைத் தட்டினாள். "கீழே நிக்கறார், ஏறி வரத் தைரியமில்லாம. கூப்பிடு."

தங்கை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சலவைக் கடை வாசலில், தொங்கும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, டிரைவர் தொலைந்துபோன ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

மேலே வந்தவரிடம் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கன்ட்ரோலரை நீட்டினாள். இன்னொன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குமிழைத் தானே திருப்பி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, தன் கைக்குப் பழகும் இடத்தில் நிறுத்தினாள்.

"பொய் சொல்லி ஆட வேணாம். தெரிஞ்சே ஆடுவோம். மெஷின் மெதுவா ஓடட்டும். நீங்க மெதுவாகக் கூடாது."

பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து தொடங்கியது. இரண்டு கார்கள் சிவப்பும் நீலமுமாகக் கடலோரம் புறப்பட்டன. அலை எழுந்தது, யோசித்தது, மடிந்தது. முதல் வளைவில் அவள் விரல் உரிய நேரத்தில் இறங்கியது; சிவப்புக் கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது. டிரைவரின் வாய் திறந்தபடி இருந்தது. விளக்கெரியும் ஜன்னலை இரு கார்களும் சேர்ந்தே கடந்தன. மூவரும் மூச்சை மறந்து அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசி வளைவு. நீலம் ஒரு முழம் முன்னால். அப்போது தங்கை டிரைவரின் கட்டைவிரலைப் பார்த்தாள். அது பொத்தானிலிருந்து மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், பாசத்தின் பழக்கதோஷம்.

"சார்," என்றாள் தங்கை, "ஒரு காசு குறையக் கூடாது."

அவர் திடுக்கிட்டார். பக்கத்தில் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தக் காலத்தைப் போலவே, அவரைத் தோற்கடிக்கத் துடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய, கட்டைவிரலை அழுத்தினார்.

நீலம் கோட்டைத் தாண்டியது. சிவப்பு அதன் பின்னாலேயே வந்து நின்றது.

டிரைவர் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, திருடிவிட்ட பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள் திரையையே பார்த்திருந்தாள். சிரிப்பு, அவளுக்கு எல்லாம் வருவது போலவே, தாமதமாக வந்தது. வந்தபின் நிற்கவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது.

"தோத்துட்டேன்!" என்றாள். "ஏங்க, நான் தோத்துட்டேன்!"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெஷினைப் பையில் வைத்தாள். எழுந்திருக்க அவர் கை நீட்டியபோது தட்டிவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"மீதிப் பணத்தை எடுத்துக் குடுங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்," என்றாள். "இன்னிக்குப் பாத்திரம் நான் கழுவணும்."