பார்வையாளரின் நிறை

நெல்லைப் பக்கத்து அந்தப் பெண்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில், கணக்கில் எதைப் புறக்கணிக்கிறார்களோ அது கணக்கு முடியும்வரை இருக்காது. உராய்வைப் புறக்கணிக்கும் நாளில் மாணவிகள் டிபன் பாக்ஸை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கடைசி வரியில் விட்டதைத் திரும்பச் சேர்த்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மூன்றாம் ஆண்டு ஜெசிந்தா, விண்மீனை நோக்கி விழும் ஒருவரைப் பற்றிய கணக்கில், பார்வையாளரின் நிறை புறக்கணிக்கத்தக்கது என்று தாராளமாக எழுதினாள். கணக்கு பாதியில் மாட்டிக்கொண்டது. பார்வையாளர் அவள்தானே, அன்றிலிருந்து விடுதி அறையின் கூரையை ஒட்டி மிதந்தாள். அறைத்தோழி முத்தழகி துப்பட்டாவின் ஒரு முனையை அவள் கணுக்காலிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டி வகுப்புக்கு அழைத்துப் போய்வந்தாள். வார்டன் வந்து பார்த்து, ஃபேனை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் பருவத்தேர்வுக்குள் முடிக்காவிட்டால் முடியாததுதான். போன வருடம் முடிக்காத ரூபவதி அக்கா இன்னும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேதான் மிதக்கிறார். கழியில் குத்தி இட்லி நீட்டுகிறார்கள். ஜெசிந்தாவுக்கு வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் தரையில் நடந்து.

ஞாயிறு மதியம் முத்தழகி அந்தக் கணக்குத் தாள்களை வாங்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, முதப் பக்கத்த எதப் பாத்து எழுதுன?"

"லைப்ரரி புக்கு. மிச்சம் மேடம் நோட்ஸ்."

"மேடம் காலத்துக்கு மைனஸ் போடுவாங்க. புக்குல இடத்துக்குப் போட்டிருக்கான். எதப் போட்டாலும் சரிதான். ரெண்டையும் கலந்தா எப்படி உருப்படும்?"

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றிருந்தால் எந்தக் கணக்குதான் நகரும்? ஜெசிந்தா தாளைக் கூரையில் வைத்துக் குறிகளைத் திருத்தினாள். வாரக்கணக்கில் அவளை முறைத்துக்கொண்டிருந்த சமன்பாட்டு உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழிந்தன. விடை ஒரே வரியில் வந்தது. அதன் கீழே, பார்வையாளரின் நிறை சேர்க்கப்பட்டது என்று எழுதியதும் தொப்பென்று கட்டிலில் விழுந்தாள். இடுப்பு நன்றாக வலித்தது. வலிக்கிறதே என்று சந்தோஷத்தில் அழுதாள்.

முத்தழகி துப்பட்டாவை அவிழ்த்து அவள் மடியில் போட்டாள்.

"இனி நீ பிடிச்சுக்கோ. நான் என் கணக்க ஆரம்பிக்கணும்."

எதை விடப்போகிறாய் என்று ஜெசிந்தா கேட்டாள். எதையும் விடவில்லை, பூமியை மட்டும் ஒரு புள்ளியாகக் கொள்கிறேன் என்றாள் முத்தழகி.

அவள் முதல் வரியை எழுதியதும் பூமி சுருங்கிக் கட்டிலளவே மிஞ்சியது. ஜெசிந்தா கால்களை மடக்கிக்கொண்டாள். விடுதிப் பெண்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னாலேயே வந்த வார்டன், ரூபவதி அக்காவுக்கும் ஓர் ஓரம் விடச் சொன்னார். ஜெசிந்தா நகர்ந்து, துப்பட்டாவை அக்காவின் கணுக்காலில் கட்டிவிட்டு, எந்தப் புத்தகத்தைப் பார்த்து ஆரம்பித்தார் என்று கேட்டாள்.