ஐந்தருவி மேல் ஒரு பழி

ஆசிப்பின் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால்தான் அன்று காலை ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்து, "ஏட்டி ஹஸீபா, இன்னும் உள்ள போய் நில்லு! தலையில நல்லா விழட்டும்!" என்று கத்தினான். அவளும் போய் நின்றாள். குளித்துக் கரையேறியவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு நாள் தள்ளி மூன்று வாரம். முந்தின நாள்தான் கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டு கோட்டைப் பார்த்து ஆசிப் தெருவுக்கே லட்டு கொடுத்திருந்தான். கல்யாணமாகி நான்கு வருடமாக ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்து போகிற மனுஷன். இந்தத் தடவை இரண்டு மாத லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மறுபடி ஃபிளைட்.

தென்காசி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர் அனுசியா விவரம் கேட்டாள். "கரு கர்ப்பப்பையில இல்லாம, இடம் மாறிக் குழாயில தங்கியிருக்கான்னு பாக்கணும். அப்படி இருந்தா வெடிச்சு உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டும், உடனே ஆபரேஷன் பண்ணணும்."

'இடம் மாறி' என்றதுமே ஆசிப்புக்குக் காது அடைத்துவிட்டது.

"நான்தான் டாக்டர்! உள்ள போய் நில்லுன்னு நான்தான் சொன்னேன். தண்ணி அடிச்ச அடியில பிள்ளை நழுவிக் குழாய்க்குப் போயிட்டு!"

நர்ஸ் ரூபி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, அது அருவி, ஜேசிபி இல்ல. கரு எங்க தங்குச்சோ அங்கயே ஒட்டி எத்தனையோ வாரம் ஆச்சு, அருவி அடிச்சா நழுவாது. கொஞ்சம் நவுருங்க, மெஷின் வரட்டும்."

ஸ்கேன் மெஷின் உருண்டு கட்டிலுக்கே வந்தது. வயிற்றில் ஜெல்லைத் தடவியதும் ஹஸீபா, "குளிருது மச்சான்" என்றாள். அருவியை விடவா என்று கேட்க வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

திரையில் ஷார்ஜா மணற்காற்றுப் போல ஒரே புழுதி. டாக்டர் கருவியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். யா அல்லா, இவ பிழைச்சாப் போதும், இனி நான் வாயே திறக்க மாட்டேன் என்று ஆசிப் மனதுக்குள் நேர்ந்துகொண்டான்.

"இந்தா பாருங்க" என்றாள் டாக்டர். ஒரு கருப்பு வட்டம், அதற்குள் கொண்டைக்கடலை அளவில் ஏதோ ஒன்று, அதன் நடுவே ஒரு படபடப்பு. "கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. இதயம் துடிக்குது. ரத்தமும் கசியல. சினைப்பையில சின்ன நீர்க்கட்டி, அதான் வலி. தானா வடிஞ்சிரும்."

நேர்த்திக்கடன் அந்த நிமிஷமே காற்றில் போயிற்று. "இடத்துலதான் இருக்கு! இடத்துலதான் இருக்கு!" என்று ஆசிப் வராந்தாவுக்கு ஓடினான். வாட்ச்மேனிடம் சொன்னான். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த புளியங்குடி எலுமிச்சை வியாபாரியைக் கட்டிப்பிடித்தான். அவர் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமலே, "ரொம்ப சந்தோஷம், கையை விடும்" என்றார்.

திரும்பி வந்தபோது ஹஸீபா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், பிள்ளை அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. நீங்க எங்கன இருக்கப் போறீய?"

ஆசிப் திரையில் துடிக்கும் அந்தப் புள்ளியைப் பார்த்தான். பிறகு செல்போனை எடுத்து டிராவல்ஸ்காரரை அழைத்தான்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருங்க... இல்ல இல்ல, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நான்தான் இத்தனை நாளா இடம் மாறித் தங்கிட்டேன்."